வாய்ப்பூட்டும் தப்பான சாவிகளும்

இரண்டு சுண்டுவிரல்களையும் காதுத் துளைகளில் லேசாக வைத்துக்கொண்டு வாயை மெல்லத் திறந்து மூடிப் பாருங்கள். விரல் நுனியில் ஏதோ உருண்டு வந்து முட்டி, பிறகு விலகிப் போவது தெரியும். அதுதான் கீழ்த்தாடையின் தலை. காதுக்கு நேர் முன்னால், மண்டையோட்டின் அடியில் இருக்கும் ஒரு குழியில் அந்தக் குமிழ் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு எலும்பும் நேராக உரசிக்கொள்ளாமல் இருக்க நடுவில் மெத்தைபோல ஒரு குருத்து வட்டு. வாயைத் திறக்கத் தொடங்கும்போது குமிழ் நின்ற இடத்திலேயே கதவுக் கீல்போலச் சுழலும். இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் திறந்த பிறகு வட்டையும் இழுத்துக்கொண்டு குழியைவிட்டு முன்னால் சறுக்கும். முழங்கை சுழன்றால் போதும். இந்த மூட்டு சுழலவும் வேண்டும், சறுக்கவும் வேண்டும். போதாக்குறைக்கு இடது மூட்டும் வலது மூட்டும் ஒரே எலும்பின் இரு முனைகள். ஒன்று அசைந்தால் மற்றொன்றும் அசைந்தே ஆக வேண்டும். பேசுவதற்கும், மெல்லுவதற்கும், எச்சில் விழுங்குவதற்கும் நாள் முழுக்க உழைக்கிற இந்த இணைப்பைப் பற்றி, அது வலிக்கும்வரை யாரும் நினைப்பதில்லை.

உலக அளவில் நூற்றுக்கு 5 முதல் 12 பேர்வரை தாடை மூட்டுக் கோளாறுகளால் அவதிப்படுவதாக ஒரு மதிப்பீடு உண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் அதிகம். திண்டுக்கல் பக்கம் இதை யாரும் மூட்டு நோய் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. ‘தாடை பிடிச்சுக்கிச்சு’, ‘மெல்லும்போது டக்குனு சத்தம் வருது’, ‘காதுக்குள்ள குடையுது’ என்றுதான் வருகிறார்கள். முதலில் காது டாக்டர். காதில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் பல் டாக்டர். சில சமயம் ஒரு கடைவாய்ப்பல் பலியாகும். வலி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். பிறகு ஸ்கேன். கடைசியில் யாராவது ஒருவர் வெளிச்சப் பலகையில் படத்தை மாட்டி, ‘உங்கள் முக எலும்பு அமைப்பே சரியில்லை, கீழ்த்தாடை உள்ளே போயிருக்கிறது, கடி பொருந்தவில்லை’ என்று சொல்வார். வலியோடு அலைந்தவருக்கு அது ஒருவகை நிம்மதி. காரணத்துக்கு ஒரு முகவரி கிடைத்துவிட்டதே! ஆனால் அந்த முகவரி பெரும்பாலும் தப்பு. பெரியவர்களின் தாடை வலிக்கு எலும்பின் வடிவத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்குப் போதிய சாட்சி இல்லை. எலும்பே காரணமாக இருக்கிற நோய்கள் சிலவும் உண்டு. அவற்றைத் தனியே இனம்பிரித்துவிட முடியும். பூட்டுக்குப் பேர்போன ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டைச் செய்கிறவரிடம் திறக்காத பூட்டு ஒன்றைக் கொடுத்தால், துருவா, உள்ளே லீவர் சிக்கியிருக்கிறதா, சாவிதான் மாறிவிட்டதா என்று பார்ப்பார். எடுத்த எடுப்பில் சுத்தியலைத் தூக்க மாட்டார்.

எலும்பின்மேல் பழிபோடும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? 1934-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். காது வலி, காதடைப்பு, தலைசுற்றல் என்று வந்த 11 பேரைப் பார்த்திருந்தார். கடைவாய்ப்பற்கள் விழுந்துவிட்டதால் தாடை அளவுக்கு மேல் மூடி, குமிழ் பின்னால் போய் நரம்பையும் காதுக் குழாயையும் நசுக்குகிறது என்பது அவர் சொன்ன விளக்கம். மொத்தம் பதினோரு பேர். அதை வைத்துக்கொண்டு பல் மருத்துவம் முப்பது நாற்பது ஆண்டுகள் ஓடியது. கடியை உயர்த்தினார்கள், பற்களை ராவினார்கள், வாய் முழுக்கப் பற்களுக்குத் தொப்பி போட்டார்கள். 1948-இலேயே ஹாரி சிக்கர் என்ற உடற்கூறியலாளர், காஸ்டன் சொன்ன இடத்தில் குமிழ் அந்த நரம்பை நசுக்க வழியே இல்லை என்று காட்டிவிட்டார். விளக்கம் செத்துப்போனது, அதிலிருந்து முளைத்த வைத்தியம் மட்டும் இன்றும் சாகவில்லை. 1969-இல் டேனியல் லாஸ்கின் என்ற ஆய்வாளர் வேறு திசையைக் காட்டினார். வலி முதலில் எழுவது எலும்பில் அல்ல, மெல்லும் தசைகளில். களைத்து இறுகிய தசைதான் பலருக்கு வலிக்கிறது என்றார். பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் அவர் பக்கம்தான் சாய்ந்தன. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களை, வலி வருவதற்கு முன்பிருந்தே பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆப்பேரா ஆய்வு, கெட்ட தூக்கம், உடம்பின் வேறு இடங்களில் ஏற்கெனவே இருக்கும் வலி போன்றவை தாடை வலியை முன்கூட்டியே சொல்லும் அடையாளங்கள் என்று கண்டது.

‘ஸ்கேனில் வட்டு விலகியிருப்பது கண்கூடாகத் தெரிகிறதே, அதை என்ன செய்வது?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எந்த வலியும் இல்லாதவர்களைக் கூப்பிட்டு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அதே வட்டு அதேபோல விலகியிருந்தது. அவர்கள் பாட்டுக்கு முறுக்கு கடித்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார்கள். வாய் திறக்கும்போது வரும் ‘டக்’ சத்தமும் இப்படித்தான். முன்னால் நழுவியிருந்த வட்டின்மேல் குமிழ் ஏறி உட்காரும் ஓசை அது. வலியும் இல்லை, திறப்பும் குறையவில்லை என்றால், அந்தச் சத்தத்துக்கு வைத்தியமே வேண்டாம். தலைமுடி நரைப்பதைப்போல மூட்டுக்கும் வயதுண்டு. நரை தெரிகிறது என்பதற்காக யாரும் மண்டையைத் திறப்பதில்லை. இந்த ஊருக்கே உரிய இன்னொரு குழப்பமும் உண்டு. திண்டுக்கல் சமவெளியின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு கூடுதல். காந்திகிராமப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையினரே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பலருக்குப் பற்களில் பழுப்புக் கறை. கறையை மறைக்க வாய் முழுக்கத் தொப்பி போட்டுக்கொள்வது அவரவர் விருப்பம். அதையே தாடை வலிக்கு மருந்து என்று சொல்லி விற்றால் அது கணக்கில் சேராது.

அடுத்த ஆட்சேபம் இதைவிட வலுவானது. உள்ளடங்கிய மோவாயும் நீண்ட முகமும் கொண்டவர்களிடம் மூட்டுக் கோளாறு கூடுதலாகக் காணப்படுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றனவே, அப்படியானால் எலும்புதானே காரணம்? இங்கேதான் வண்டியையும் மாட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சின்னப் பையன் ஒருவன் மோவாய் அடிபட விழுகிறான். மோவாயில் இரண்டு தையல் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அடியின் வேகம் தாடை வழியாக மேலே ஏறிக் காதருகே குமிழை உடைத்திருப்பதை யாரும் பார்க்கவில்லை. உள்ளே கட்டிய ரத்தம் மெல்ல மெல்ல எலும்பாகி, குமிழும் குழியும் ஒட்டிக்கொள்கின்றன. வாய் திறக்கவில்லை, தாடை வளரவும் இல்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்துக் கண்ணாடியில் தெரிவது மோவாயே இல்லாத பறவை முகம். இரவில் மூச்சடைப்பு, குறட்டை. வளர்ந்த பிறகு அவனைப் பார்ப்பவர், தாடை சின்னதாக இருப்பதால் மூட்டு கெட்டுவிட்டது என்று நினைத்தால் அது தலைகீழ் வாசிப்பு. மூட்டு கெட்டதால்தான் தாடை சின்னதானது. பெரியவர்களிடமும் இதன் சாயல் உண்டு. வாத நோயாலோ, இளம்பெண்கள் சிலருக்குக் காரணம் பிடிபடாமலோ குமிழ் கரையும். நேற்றுவரை பொருந்திய முன்பற்கள் மாதக்கணக்கில் மெல்ல விலகும், மோவாய் பின்வாங்கும். முகம் மூட்டை எழுதுவதைவிட, மூட்டு முகத்தை எழுதுவது அதிகம். கண்ணாடி முன் நின்று நாக்கை அண்ணத்தில் அழுத்தி ‘மியூயிங்’ செய்தால் தாடை எலும்பு வடிவம் மாறும் என்று நம்பும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: வளர்ச்சி முடிந்த எலும்பு அப்படியெல்லாம் சொன்ன பேச்சு கேட்காது.

ஆகவே எலும்பைப் பார்க்க வேண்டிய நேரம் எது என்பதில் தெளிவு வேண்டும். நெடுஞ்சாலைகள் நாலாபக்கமும் பிரியும் ஊர் இது; தலைக்கவசம் போட்டாலும் மோவாயைத் திறந்தே வைத்துக்கொண்டு பைக் ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்! புகையிலைப்பட்டி ஜல்லிக்கட்டில் மாடு முட்டினாலும், கபடியில் முழங்கால் மோதினாலும், மோவாயில் பிளந்த காயம் இருந்தால் மருத்துவர் விரல் முதலில் போக வேண்டிய இடம் காதுக்கு முன்னால்தான். மோவாய்த் தையல் ஐந்து நிமிட வேலை. உடைந்த குமிழைத் தவறவிட்டால் அது ஆயுளுக்கும் கூடவே வரும். ஒட்டிப்போன மூட்டை அறுவை சிகிச்சையால் பிரித்துத்தான் ஆக வேண்டும். கரையும் குமிழுக்கும், முன்பற்கள் புதிதாக விலகுவதற்கும் நிபுணர் வேண்டும். கொட்டாவி விட்டபோது வாய் மூட முடியாமல் நின்றுவிட்டால் தேவை ஸ்கேனோ சிகிச்சைத் திட்டமோ இல்லை. பயிற்சி பெற்ற ஒருவர் கட்டைவிரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு கீழ்க் கடைவாய்ப்பற்களை அழுத்தி, தாடையைக் கீழிறக்கிப் பின்னால் தள்ளினால் மூட்டு தன் குழிக்குத் திரும்பிவிடும். கிரேக்கத்தில் ஹிப்பாக்ரட்டீஸ் காலத்திலேயே செய்த வேலை இது.

அறுவை சிகிச்சையே கூடாது என்று இங்கே வாதிடவில்லை. 1957-இல் ஹ்யூகோ ஓப்வெகேசர் என்ற அறுவை மருத்துவர் தாடையை இரண்டாகப் பிளந்து முன்னும் பின்னும் நகர்த்தும் முறையைக் கொண்டுவந்த பிறகு, மெல்லவும் மூச்சுவிடவும் முடியாதிருந்த எத்தனையோ பேருக்கு அது வாழ்க்கையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. வலிக்காக மட்டும் அதைச் செய்யலாமா என்பதே கேள்வி. சிலருக்குப் பிறகு வலி குறைகிறது, சிலருக்குப் புதிதாக வருகிறது. யாருக்கு எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. அவசரத்தின் விலை என்ன என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1980-களில் அமெரிக்காவின் வைடெக் நிறுவனம், விலகிய வட்டுக்குப் பதிலாக டெஃப்லான் பூசிய தகடு ஒன்றைச் செய்து விற்றது. ஆயிரக்கணக்கானோர் தாடைக்குள் அது போனது. மெல்லும் அழுத்தம் தாங்காமல் தகடு துகள்துகளாக உதிர்ந்தது. அந்தத் துகள்களோடு போரிடப் போன உடம்பின் செல்கள் பக்கத்தில் இருந்த எலும்பையே அரித்தன. 1990 இறுதியில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு எச்சரிக்கை விட்டபோது நிறுவனம் திவால். நோயாளிகளோ அடுத்தடுத்து அறுவை மேசையில். 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த சர்வதேச வழிகாட்டல், நாள்பட்ட தாடை வலிக்கு உறுதியாகப் பரிந்துரைப்பது தாடைப் பயிற்சியையும், கையால் தசையைத் தளர்த்துவதையும், வலியை எதிர்கொள்ளும் மனப்பயிற்சியையும். கடியை நிரந்தரமாக மாற்றும் தகடுகளும் வட்டை அகற்றும் அறுவையும் வேண்டாம் என்று அதே உறுதியோடு சொல்கிறது. கழற்றி மாட்டும் சாதாரணத் தகடு, போடாக்ஸ் ஊசி ஆகியவற்றுக்குக்கூட அது ஆதரவாக இல்லை. பெரிய பில் வரும் வைத்தியங்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்க, செலவு குறைந்தவை மேலே வந்திருக்கின்றன. இந்த வழிகாட்டலுக்கு விளம்பரம் கிடைக்காததில் ஆச்சரியம் என்ன?

இனி திண்டுக்கல்லுக்கே உரிய கதை. இந்த ஊரில் ஒரு பெரியவருக்கு வாய் திறக்கவில்லை என்றால், மூட்டைச் சந்தேகிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பாக்குப் போடுவீர்களா? வேடசந்தூரில் புகையிலைக்கென்று 1948-இல் தொடங்கிய மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஸ்பென்சர் கம்பெனி சுருட்டுத் தொழிற்சாலை நடத்திய ஊர். அதனால் இங்கே கெடுதல் என்றாலே புகையிலைதான் நினைவுக்கு வரும். ‘புகையிலை இல்லீங்க, வெறும் பாக்குதான்’ என்று சொல்வதில் ஒரு ஒழுக்கப் பெருமைகூடத் தொனிக்கும். வாயை இறுக்கிப் பூட்டுவது அந்த வெறும் பாக்குதான். அதிலுள்ள அரிகோலின் கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் நாரை உண்டாக்கும் செல்களைத் தூண்டிவிடும். பாக்கில் இருக்கும் தாமிரம் அந்த நாரைக் கெட்டிப்படுத்தும். மருத்துவர்கள் இதை ஓரல் சப்மியூகஸ் ஃபைப்ரோஸிஸ் என்பார்கள். 1952-இல் கென்யாவில் இருந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் முதலில் கண்டு எழுதினார்கள். மறு ஆண்டே பம்பாயில் ஜோஷி என்ற மருத்துவர் அதை விவரித்தார். நோயும் பாக்கும் இந்தியர்களோடு கப்பலேறிப் போயிருந்தன.

முதல் அறிகுறி வலி கிடையாது, எரிச்சல். மிளகும் எலுமிச்சையும் தூக்கலாக இருக்கும் சீரகச் சம்பா பிரியாணியை ரசித்துச் சாப்பிட்டவர் ஒருநாள் ‘காரம் தாங்கல, தயிர்சாதமே போதும்’ என்பார். வயசாச்சு, வயிற்றுப்புண் என்று வீட்டில் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். கன்னத்தின் உட்புறம் சிவப்பு போய் வெளிறி, பளிங்கு மாதிரி ஆகியிருக்கும். விரலால் தடவினால் மேலிருந்து கீழாகக் கயிறு கயிறாக நார் தட்டுப்படும். நாக்கை நீட்டினால் பழைய தூரம் வராது; கன்னத்தை உப்பி ஊதினால் காற்று நிற்காது. மூன்று விரல் நுழைந்த வாயில் இரண்டு விரல், பிறகு ஒன்று. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்த நோயுள்ள 66 பேரை 17 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில் 7.6 சதவீதத்தினருக்கு அது வாய்ப் புற்றுநோயாக மாறியது. புகையிலை சேராத பாக்கையும் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2003-இலேயே அறிவித்துவிட்டது. இப்படிப்பட்ட ஒருவர் வாய் திறக்கவில்லை என்று வரும்போது மூட்டுக்கு ஸ்கேன் எழுதிக்கொடுத்து, கடியைச் சரிசெய்யக் கிளிப் போட்டு இரண்டு ஆண்டு ஓட்டினால், வீணாவது பணம் மட்டும் அல்ல. எலும்பைக் குற்றம் சொல்லும் பழக்கம் உயிருக்கே உலை வைக்கும் இடம் இதுதான்.

தாத்தா பாட்டி காலத்திலிருந்து தாம்பூலம் போடுகிறோமே, அவர்களுக்கெல்லாம் வாய் பூட்டிக்கொண்டதா என்பார்கள். சிலருக்குப் பூட்டிக்கொண்டது, கன்னத்துப் புண்ணோடு போனவர்களை ‘வாய்ப்புற்று’ என்று பெயர் சொல்லாமல் மறைத்த குடும்பங்களும் உண்டு. ஆனாலும் பழக்கம் மாறிவிட்டது என்பதே முக்கியமான பதில். சாப்பாட்டுக்குப் பிறகு ஈரமான வெற்றிலையில் துளிச் சுண்ணாம்பு தடவி ஒரு துண்டுப் பாக்கை மடித்து மெல்வது ஒன்று. வெற்றிலையே இல்லாமல், காயவைத்து வாசனையும் இனிப்பும் ஏற்றிய பாக்கைப் பாக்கெட் பாக்கெட்டாகக் கிழித்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்வது வேறொன்று. உலர்ந்த பாக்கெட் சரக்கு மெல்கிறவர்களுக்கு நோய் சீக்கிரம் வருகிறது என்று இந்தியாவிலேயே செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. தமிழ்நாடு 2013-இல் குட்காவையும் பான் மசாலாவையும் தடைசெய்து, ஆண்டுதோறும் அந்த ஆணையைப் புதுப்பித்து வருகிறது. 2023 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஓர் ஆணையை ரத்துசெய்ததும், ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்ததும் செய்திகளில் வந்தவை. சண்டை எல்லாம் புகையிலையைச் சுற்றித்தான். வெறும் வாசனைப் பாக்கு பெட்டிக்கடைச் சரத்தில் ஷாம்பு பாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஜோராகத் தொங்குகிறது.

பாக்கும் இல்லை, அடியும் இல்லை, ஆனாலும் வலிக்கிறது என்பவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். அவர்களில் பெரும்பாலோருக்குத் தசைதான் மூலம். உதடு மூடியிருக்கும்போதும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் இருப்பதே இயல்பு. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர அவை தொட்டுக்கொள்ள வேலையில்லை. நூற்பாலையில் இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் அரைத்தூக்கம் தூங்குகிறவர், கடன் கணக்கை நினைத்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறவர் ஆகியோரின் கன்னத் தசைக்கு ஓய்வே கிடையாது. ‘அப்போ மனசுதான் காரணம்னு சொல்லுறீங்களா, நான் என்ன பொய்யா சொல்லுறேன்?’ என்று கோபம் வரும். வர வேண்டியதுதான், பெண்களின் வலியை நரம்புத் தளர்ச்சி என்று ஓரம்கட்டிய மருத்துவ வரலாறு நீளமானது. ஆனால் தசை வலி கற்பனை வலி ஆகாது. சுமை தூக்கியவர் தோள் வலிக்கிறது என்றால் யாரும் அவரைச் சந்தேகிப்பதில்லை. பல்லைக் கடிக்கும் தாடையும் இரவெல்லாம் சுமை தூக்குகிறது.

இவற்றையெல்லாம் பிரித்தறியும் ஏற்பாடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? அரசு பல் மருத்துவக் கல்லூரி சென்னையிலும் சிதம்பரத்திலும், 2023 முதல் புதுக்கோட்டையிலும் உண்டு. 2022 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியால் மாவட்டத்துக்குள்ளேயே பெரிய மருத்துவமனை வந்துவிட்டது. ஆனால் முதல் கட்டத்துக்கு இவை எதுவுமே தேவையில்லை. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் அதே நேரத்தில், வாயைத் திறக்கச் சொல்லி, அவரவர் விரல் மூன்றை நெட்டுக்குத்தாக நுழைக்கச் சொல்லலாம். பெரியவர்களுக்கு இயல்பான திறப்பு 40 முதல் 50 மில்லிமீட்டர். 35-க்குக் கீழே போனால் ஏன் என்று கேட்க வேண்டும்: பாக்கா, மோவாய் அடியா, ஞானப்பல் சீழா, காலில் ஆணி குத்திய காயமும் கழுத்து இறுக்கமும் சேர்ந்த ரணஜன்னியா, வட்டு விலகிச் சிக்கியதா. இதில் ரணஜன்னி என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மற்றபடி நார் இறுகியவருக்கும், ஒட்டிய மூட்டை அறுத்துப் பிரித்தவருக்கும் தரப்படும் கருவி ஐஸ் குச்சிதான். ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள குச்சிகளை அடுக்கிக் கடைவாய்ப்பற்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் பொறுத்து, இன்னொரு குச்சியை நடுவில் செருக வேண்டும். ஒரு நாளில் பலமுறை, மாதக்கணக்கில். நார் இறுகியவர் பாக்கை விடாமல் செய்தால் குச்சியின் எண்ணிக்கை ஏறாது. விட்டவருக்கும் சீக்கிரம் ஏறாது. இந்த வாரம் பன்னிரண்டு, அடுத்த வாரமும் பன்னிரண்டு, அதற்கடுத்த வாரம் பதின்மூன்று. பதினெட்டாவது குச்சி நுழையும் நாளில் வாய் மூன்றரை சென்டிமீட்டர் திறந்திருக்கும். ஒரு முழு இட்டிலியைப் பிய்க்காமல் கடிக்க அது போதும்.